சுவர் என்று பெயரிட்ட அடுக்கு

கோட்டு

“டை செவப்பா போடுங்கக்கா” என்று பின்னாலிருந்து குரல் வந்தபோது நான் ஒரு பெரியவருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். இடது தோள் சரியாக உட்கார்ந்துவிட்டது. வலது தோள் கழுத்தை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது. கோட்டு புதிதில்லை. எங்கள் நியாலாஸ் வட்டாரத்தில் காலமானவர்களில் பலர் என் கணினியில் இருக்கும் அந்த ஒரே கோட்டைத்தான் மாறி மாறி அணிந்திருக்கிறார்கள். படம் எடுக்கும் வேலையை எல்லாருடைய கைப்பேசியும் ஏற்றுக்கொண்ட பிறகு, போட்டோ கடை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது படத்தில் இருப்பதை எடுப்பதும் இல்லாததை வைப்பதும்தான்.

பெரியவர் வாழ்நாள் முழுக்கச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். கருமக்கிரியைக்கு மாலை போட்டு வைக்க வீடு முழுவதும் தேடியதில் கிடைத்தது ஒரு பிறந்தநாள் படம். பனியனோடு, கேக்குக்குப் பின்னால், பேரப்பிள்ளைகள் மாட்டிவிட்ட கூம்புத் தொப்பியோடு நிற்கிறார். கேக்கை எடுத்தேன். பேரப்பிள்ளைகளை எடுத்தேன். தொப்பியை எடுத்தபோது அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த வயதுக்குத் தகுந்த மாதிரி நரைத்த முடி வைத்து வகிடும் எடுத்துவிட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அப்பாவுக்கு வழுக்கைக்கா. முடிய எடுத்துருங்க. கோட்டு இருக்கட்டும்.”

இனாம்

நான் வைத்திருக்கும் மென்பொருள்கள் மூன்று. ஒன்று படத்தைத் திறந்து காட்டும், பெரிதாக்கும், அவ்வளவுதான். இரண்டாவது திருத்தும். மூன்றாவது, கடையில் இத்தனை வருடமாகச் சேர்ந்த படங்களை முகம் பார்த்து ஆள் வாரியாக அடுக்கும். மூன்றும் இலவசம். எங்கெங்கோ இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து ஓய்வு நேரத்தில் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டவை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றின் சொற்களையெல்லாம் தமிழிலும் மாற்றி வைத்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் திரையில் ‘திற’, ‘சேமி’, ‘அடுக்கு’, ‘மறை’ என்று வரும்போதெல்லாம் அவரோடு வேலை செய்வது போலத்தான் இருக்கும்.

இந்த விஷயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். சுப்பையா அங்கிள் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகளின் நிச்சயதார்த்தப் படத்தில் பின்னால் நின்ற குப்பைத் தொட்டியை எடுக்க வந்தார். திரையில் தமிழைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வாங்கவில்லை, இனாம் என்றேன். முகம் சுருங்கியது. “இனாம்னா உள்ள என்னமோ இருக்கும்மா. எம் பொண்ணு படம் எங்க போவுது?” என்றார். எங்கேயும் போகாது என்று இணையக் கம்பியைப் பிடுங்கி மேசைமேல் வைத்துக் காட்டினேன். அவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்க, நான் குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல் வைத்தேன். பக்கத்தில் நின்ற செம்பருத்தியிலிருந்து ஒரு பூவும் பறித்து வைத்தேன்.

பில்லை நீட்டினேன். அடுத்து அவர் கேட்டதைச் சக தொழில்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். பதில் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள். “சாமான் இனாம்னு நீதானேம்மா சொன்ன? அப்பறம் இது எதுக்கு?”

ஆணி

பாக்கியம் அக்கா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த சட்டத்தை மேசையில் வைத்தபோதே அது எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அச்சடித்ததுதான். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்கிறார் பாக்கியம் அக்கா. புருஷன் மணியம் அண்ணன் செக்யூரிட்டி. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறி, டவுனுக்குப் பின்னாலுள்ள தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள். வீட்டுக்கு வந்த முதல் தீபாவளிக்கு எடுத்த படம் அது. நம் ஆட்கள் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா முதல் கைக்குழந்தை வரை அதே நிறத்தில் மூடிவிடுவார்கள் அல்லவா? அந்த வருடம் இவர்களுக்குக் கத்தரிப்பூ. வீட்டு முன்சுவரில் சாய்ந்தாற்போல் எல்லாரும் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, நடுவில் மூத்தவள் கவிதா. அம்மாவை ஒட்டிச் சின்னவள் மலரும் தம்பியும்.

கவிதா மறுவருடம், தன்னோடு வேலை செய்த பையனை வீட்டில் சொல்லாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு மஸ்ஜித் தானா டவுன் பக்கம் குடிபோய்விட்டாள். அன்றிலிருந்து பாக்கியம் அக்கா அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

“ஞாயித்துக்கெழம மலரைப் பார்க்க வர்றாங்க தங்கச்சி. சுங்கை ரம்பாய் ஆளுங்க. நடுவுல நிக்கிறது யாரு, எங்க இருக்குன்னு கேப்பாங்க. நான் என்னா சொல்லுவேன்?”

“அன்னிக்கு மட்டும் படத்த கழட்டி வெச்சிருங்களேன்கா.”

“செவத்துல ஆணி இருக்கும். ஆணியப் பார்த்துக் கேப்பாங்க.”

கணினியில் படம் இருந்தது. திறந்தேன். ஆளை எடுப்பது என்றால் உண்மையில் எடுப்பது கிடையாது. பக்கத்துச் சுவரைத் துளித் துளியாகப் பிரதி எடுத்து அவர்மேல் பூசுவதுதான். காலிலிருந்து தொடங்கினேன். முகத்துக்கு வந்தபோது பாக்கியம் அக்கா எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து மோட்டோ கடையில் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஒரே கீறலு ரெண்டு எடத்துல இருக்கே” என்றார். நல்ல கண். சுவரைப் பிரதி எடுக்கும்போது சுவரில் இருப்பதும் கூடவே வந்துவிடும். தொழிலுக்குப் புதியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், பழையவர்கள் அவசரத்தில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். இரண்டாவது கீறலை அழித்தேன்.

பூசியது எல்லாவற்றையும் ஓர் அடுக்கில் வைத்து, அதற்குச் ‘சுவர்’ என்று பெயர் கொடுத்தேன். அடுக்கின் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் கண்ணோடு அடுக்கும் மறையும், அதே இடத்தில் மறுபடி தட்டினால் வரும். தட்டிக் காட்டினேன். சுவர் போய் கவிதா வந்தாள். தட்டினேன், சுவர் வந்தது.

“அவ உள்ளயேதான் நிக்கிறாளா?”

“ஆமாக்கா. மேல மூடியிருக்கேன், அவ்ளோதான்.”

“சரி, தட்டாத. தட்டாத.”

இப்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் சுவர். பார்க்கிறவர்கள் சண்டையோ என்று நினைப்பார்கள். அதே அடுக்கில் மணியம் அண்ணனையும் பிரதி எடுத்து, அவர் நின்ற இடத்தில் சுவர் பூசிவிட்டு, மெதுவாக இழுத்து மனைவியின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பாக்கியம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “முப்பது வருசத்துல இந்த மனுசன் இவ்ளோ பக்கத்துல வந்து நின்னதே இல்ல தங்கச்சி.”

அறியப்படாதவர்

படங்களை அடுக்கும் மென்பொருளுக்கு ஒரு பழக்கம். எங்கே முகம் தெரிந்தாலும் கட்டம் போட்டு, அடியில் ‘அறியப்படாதவர்’ என்று எழுதும். நாம் பெயர் சொல்லிக்கொடுத்தால் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதே முகத்தைக் கண்டதும் ‘இவர் இன்னாரா?’ என்று கேட்கும். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். மரியாதையான கேள்விதான். ஆனால் கேட்கும் இடம் பொருள் ஏவல் அதற்குத் தெரியாது.

தோட்டத்துக் கோயில் திருவிழாச் சிறப்பிதழுக்காகப் பழைய படங்களை அடுக்க, கோயில் தலைவர் நாகப்பன் அண்ணனும் செயலாளரும் வந்திருந்தார்கள். முதல் படத்திலேயே தலைவர், கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு நிற்கிறார். அடியில் ‘அறியப்படாதவர்’. செயலாளர் அதைச் சத்தமாகப் படித்தார். தேவைக்கு மேல் சத்தமாக. “நானா? இந்தக் கோயிலுக்குக் கூரை போட்ட நானா அறியப்படாதவன்?” என்று தலைவர் எழுந்துவிட்டார். அவசர அவசரமாக அவர் பெயரைத் தட்டினேன். மென்பொருளும் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டது. காவடி ஊர்வலத்தில், அன்னதான வரிசையில், லாரிக்கு முன்னால், எல்லா இடத்திலும் தலைவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. தலைவர் மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த படம் கோயில் வாசலில் நிற்கும் முனியாண்டி சாமி. பெரிய கண், பெரிய மீசை, கையில் அரிவாள். மென்பொருள் சாமியின் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, ‘இவர் நாகப்பனா?’ என்று கேட்டது. நான் ‘இல்லை’யைத் தேடினேன். செயலாளர் என் தோளுக்கு மேலே குனிந்து, “அவசரப்படாதீங்கக்கா, கோயில் எலெக்‌ஷன் வருது” என்றார். தலைவர் திரையையே உற்றுப் பார்த்தார். கை தானாக மேலே போய் மீசையை ஒதுக்கியது. “மீசைய வெச்சு சொல்லியிருக்கு. முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது.”

கண்ணாடி

சுங்கை ரம்பாய்க்காரர்களுக்கு மலரைப் பிடித்துவிட்டது. பாக்கியம் அக்கா அந்தச் செய்தியோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் கொண்டுவந்தார். உள்ளே அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பம். ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மகள் கல்யாணத்துக்குள் காப்பாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடிந்த வரை பிரித்து ஸ்கேன் செய்தேன். மாப்பிள்ளையின் வேட்டியில் பூசணம், நாதஸ்வரக்காரருக்கு ஒரு கன்னம் இல்லை. மணப்பெண்ணின் முகம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. இருபது வயது பாக்கியம், கேமராவைக் கொஞ்சம் முறைத்துக்கொண்டு.

அடுக்கும் மென்பொருளில் போட்டதும் கட்டம் வந்தது. கவிதா ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா விண்ணப்பத்துக்கும் படம் எடுத்தது என் கடையில்தான். ஆகவே அந்த முகம் அதற்கு நன்றாகத் தெரியும். மணப்பெண்ணுக்கு அடியில் ‘இவர் கவிதாவா?’ என்று எழுதியது.

பாக்கியம் அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் ‘இல்லை’ பக்கம் மவுஸை நகர்த்தினேன். “இரு” என்றார். அந்த மூக்கை, அந்த முறைப்பைப் பார்த்தார். மோட்டோ கடையில் யாரோ எஞ்சினை முறுக்கிவிட்டு நிறுத்தினார்கள். இரண்டு பொத்தானையும் அழுத்தாமல் நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து உறைக்குள் போட்டார். “இந்தக் கம்ப்யூட்டருக்கு மொதல்ல கண்ணாடி மாத்தச் சொல்லு. எனக்கு ஏது அவ்ளோ திமிரு?”

நிறம்

கல்யாணப் பத்திரிகையில் போட மலரின் படம். அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு நாற்காலியில் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இந்த ஏற்பாட்டை அனுமதிக்காதீர்கள் என்று அனுபவத்தில் சொல்கிறேன். அம்மாக்களைச் சுவர் ஓரமாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட வேண்டும்.

“கொஞ்சம் வெளுப்பா வை தங்கச்சி” என்றார் அம்மா. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். “ஐயோ, வேணாங்கா” என்றாள் மலர். குறைத்தேன். “இன்னும் கொஞ்சம்” என்றார் அம்மா. ஒருத்தர் பார்க்காத நேரம் மற்றவர் என் முழங்கையைத் தொடுவார். மலரின் முகம் திரையில் பால் போலாகி, தேநீர் போலாகி, மறுபடி பாலாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா ஜெயித்துவிட்டார் என்று தோன்றிய நேரத்தில் மலர் மவுஸை என் கையிலிருந்து வாங்கி, ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்பதை அழுத்தினாள்.

“மா, சும்மா இருங்கலா. அன்னிக்கு ஸ்டேஜ்ல நான்தான் உக்காரணும். இந்தப் பொண்ணு வரமாட்டா.”

அதே ஆணி

வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும் என்று கவிதா வந்தாள். வெளியில் அவள் புருஷன் மோட்டோவை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். உள்ளே வாங்க என்றேன். பரவால்லக்கா என்று கையை ஆட்டினான். இந்த டவுனில் யார் கண்ணிலும் படக் கூடாது என்ற நினைப்பு போலும். ஹெல்மெட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பவனைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கவிதா நீலத் துணிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். படம் எடுத்தேன். அச்சு வருவதற்குள், “மலருக்குப் பேசி முடிச்சாச்சாமேக்கா. தம்பி மெசேஜ் போட்டான்” என்றாள். ஆமாம் என்றேன். மாப்பிள்ளை எப்படி, வீடு எப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“ஹால்ல அந்தக் கத்தரிப்பூ கலரு படம் இருக்காக்கா இன்னும்?”

“இருக்கு.”

“அதே எடத்துலயா?”

“அதே ஆணியிலதான்.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவளுடைய படங்களை வெட்டி உறையில் போட்டு நீட்டினேன். ஓரங்கள் நேராக வரவில்லை. அவள் உறையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப சரிக்கா.”

இரண்டு பல்லி

மண்டப வாசலில் வைக்கும் பேனருக்கு நம் பக்கத்தில் ஒரு முறை வந்துவிட்டது: நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், இடப்பக்கம் பெண் வீட்டுக் குடும்பப் படம், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் படம், மேலே ‘இரு வீட்டார் அழைப்பு’. பாக்கியம் அக்கா பேனரை அஞ்சடி அகலத்தில் அடிக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா அனுப்பியிருந்த படத்தைக் கைப்பேசியிலிருந்து எனக்கு மாற்றினார். “எங்க படந்தான் ஒன்கிட்ட இருக்கே. அதையே போட்டுரு” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. சுவர் பூசிய படத்தைத் திரையின் இடப்பக்கத்தில் திறந்து வைத்தேன். வலப்பக்கத்தில் அவர்கள் படத்தைத் திறந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் மயில் கழுத்து நிறம். வீட்டு வாசலில், குழல் விளக்குக்குக் கீழே, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பேனர் அளவுக்குத் தாங்குமா என்று பார்க்கப் பெரிதாக்கினேன். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பல்லி, வாலைக் கேள்விக்குறி போல் மடித்து வைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பல்லி. அதே வால், அதே மடிப்பு. நான் பார்த்த அடுத்த நொடியே படத்தைச் சிறிதாக்கப் போனேன். அதற்குள் பாக்கியம் அக்காவின் விரல் திரைமேல் வந்துவிட்டது.

“இரு. ரெண்டு பல்லி.”

“ஒரு வீட்ல ரெண்டு பல்லி இருக்காதாக்கா?”

“இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரியா வால மடிச்சிக்கிட்டு இருக்கும்?”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரல் பல்லியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. இரண்டு பல்லிக்கும் கீழே, மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இடையில், மாசு மறுவில்லாத சுவர். அடியில், அப்பாவின் முழங்கை ஓரமாக, மயில் கழுத்து நிறத்தில் ஒரு விரற்கடை துணி. யாருடைய உடம்பிலும் சேராத துணி.

“இங்கயும் ஒரு ஆளு நின்னுருக்கு.”

“அப்படித்தான் தெரியுதுக்கா.”

“யாரா இருக்கும்?”

“அது எப்படிக்கா தெரியும்?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அந்தம்மா எங்க ஹால்ல அந்தப் படத்துக்கு முன்னாலதான் ஒக்காந்துச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது, என்ன கேக்கப் போவுதோன்னு. ‘அழகான குடும்பம்’னு சொல்லுச்சு தங்கச்சி. வேற ஒண்ணும் கேக்கல. நானும், ‘ஒங்க குடும்பத்துல எத்தன பேரு’ன்னு கேக்கல பாரு.” அவருக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையைத் தேடாமலே சிரித்தார். கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு பல்லிய எடுத்துறவாக்கா? பேனர்ல பெருசா தெரியும்.”

“வேணாம், விடு. அவங்க வீட்டுப் பல்லி.”

அப்போது ஒரு மலாய்க்காரர் நிலப் பத்திரம் நகல் எடுக்க வந்தார். எழுந்து பின்பக்கம் போனேன். போட்டோஸ்டாட் மெஷின் வழக்கம்போல் இரண்டாவது தாளை விழுங்கிக்கொண்டது. கதவைத் திறந்து, கசங்கிய தாளை உருவி, மறுபடி ஓடவிட்டு, அவருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். பாக்கியம் அக்கா கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியில் தூறல் போட்டது. மோட்டோ கடைக்காரர் டயர்களை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார்.

திரையின் இடப்பக்கத்தில் மணியம் அண்ணன் பழையபடி மனைவியை விட்டுத் தள்ளி, விறைப்பாக நின்றார். இருவருக்கும் நடுவில் கத்தரிப்பூப் புடவையில் கவிதா. சுவர் அடுக்குக்குப் பக்கத்தில் இருந்த கண்ணைக் காணவில்லை.

“மழ வலுக்கறதுக்குள்ள கெளம்பணும்” என்றார் பாக்கியம் அக்கா, வாசலைப் பார்த்துக்கொண்டே. “பேனரு அஞ்சடின்னு சொன்னேன்ல? ஆறடியா அடிச்சிரு.”

சுவர் கட்டினால் கூலி உண்டு, இடித்தால் கிடையாது என்பது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் என்பதால், பில்லில் எதையும் சேர்க்காமல், ‘சுவர்’ என்று பெயரிட்ட அடுக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் திரை ஓரத்துக் குப்பைத் தொட்டிச் சின்னத்தின்மேல் விட்டேன்.